உரிமை வகை

படிவத்தில் ஐந்தாவது கட்டம்: உரிமை வகை.
தனி, கூட்டு, கம்பெனி, சங்கம், பிற.
ஒன்றில் மட்டும் டிக் போடு என்கிறது திரை.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரமெல்லாம்
என் மாடி அறைக்கு ஆள் வரும்.
கேட் திறந்ததும் பாதிப் பேர் எழுந்து போவார்கள்.
மீதிப் பேருக்குத்தான் நான் கணக்கெழுதுகிறேன்.

தனி என்றால் சுலபம்.
உரக்கடை சந்தானம் செத்தால் கடையும் சாகும்,
கடன் மட்டும் பிள்ளைகள் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கூட்டு என்று வந்தவர்கள் வைரக்கண்ணுவும் பக்கிரிசாமியும்.
வெண்ணாறு மாடர்ன் ரைஸ் மில்.
மச்சான்கள்.
பத்தொன்பது வருசம் லாபம் பாதி, நட்டம் பாதி.
போன தையில், ஒரு கல்யாணப் பந்தியில்,
யார் இலையில் முதலில் பாயசம் விழுந்தது என்பதில்
பத்திரம் கிழிந்தது.

பிரித்துக் கொடு என்றார்கள்.
பாய்லர் இவருக்கு, லாரி அவருக்கு.
உமி மேட்டை நடுவில் குச்சி நட்டுப் பிரித்தோம்.
காற்று அன்று ராத்திரியே ஒன்றாக்கிவிட்டது.
நெல் காயும் களம் யாருடையது என்று பார்த்தால்
சாமியுடையது.
சட்டப்படி சாமி மைனர்,
எத்தனை யுகம் போனாலும் பதினெட்டு முடியாத பிள்ளை.
குத்தகைச் சீட்டில் செயல் அலுவலர் கையெழுத்து இருக்கிறது.
உடையவர் கைநாட்டுகூட வைத்ததில்லை.

கடைசியில் ஒரு வரி மிஞ்சியது: நற்பெயர்.
மூன்று வருச லாபத்தின் சராசரி, அதை இரண்டால் பெருக்கு
என்று படித்திருக்கிறேன்.
பெருக்கினேன். ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம்.
"இதை யார் எடுத்துக்கறீங்க?"
வைரக்கண்ணு மின்விசிறியைப் பார்த்தார்.
பக்கிரிசாமி வேட்டி நுனியைப் பார்த்தார்,
பிறகு, "பேரு எங்கம்மா இருக்கு, எடுத்துக் காட்டு" என்றார்.

தேடினேன், பேரேடு முழுக்க.
வடுவூர்க்காரர்கள் வழியில் மூன்று மில்லைத் தாண்டி
இங்கே வந்தது பாய்லருக்காக இல்லை.
மூட்டை ஏறியதும்
முள் நிற்கும்வரை மூச்சுவிடாத ஓர் ஆள் இருந்தார்,
தராசுக்கார மலையப்பன்.
முதலாளி பின்னால் வந்து இருமினாலும்
அரைக் கிலோ அசையாதவர்.
அவரை எங்கே எழுதியிருக்கிறேன்?
செலவுப் பக்கம்.
மாதம் பதினோராயிரத்து ஐநூறு.
என் கையெழுத்துத்தான்.

பங்குனி ஏழாம் தேதி மில் மூடியது.
கேட்டுக்கு எதிரே இட்லி விற்ற ஞானசுந்தரி
நாற்பது இட்லியை மாட்டுக்கு வைத்தாள்.
அவள் கடைக்கு எந்தக் கட்டமும் கிடையாது.
ஒரு தார்ப்பாய், இரண்டு குண்டான்,
மூட்டை தூக்குகிறவர்கள் கடன் எழுதிய பள்ளிக்கூட நோட்டு.
மில் போனதில் முதல் நட்டக் கணக்கு அதில்தான் ஏறியது:
மூவாயிரத்து இருநூறு.
பேங்கில் இதை வராக்கடன் என்பார்கள்,
அதற்குத் தனி ஆபீசரும் ஏசி அறையும் உண்டு.

வைகாசியில் படியேறி வந்தார்கள்.
மலையப்பன், களம் கூட்டும் பெண்கள் ஒன்பது பேர்,
நோட்டோடு ஞானசுந்தரி.
அன்றைக்கு ரயில்வே கேட் திறந்துதான் இருந்தது.

"களத்தை நாங்க குத்தகைக்கு எடுக்கறோம்.
தராசு வாங்கியாச்சு.
எங்களுக்கு எந்தக் கட்டம்?"
சங்கம் என்றால் தலைவர் வேண்டும்,
கம்பெனி என்றால் இயக்குநர்.
"மொதலாளி யாருன்னு ஒரு பேராவது போடணுமே" என்றேன்.
பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
யாரோ சிரித்தார்கள்.
"நட்டம் வந்தா யாரு பட்டினி கெடப்பாங்களோ,
அவுங்க" என்றாள் தவமணி.
அந்தக் கட்டத்தில் இருபது எழுத்துக்கு மேல் ஏறாது.

இப்போது புரட்டாசி. குறுவை அறுப்பு.
குத்தகைச் சீட்டு இன்னும் வரவில்லை,
மைனரிடம் சம்மதம் கேட்கிறார்களோ என்னவோ.
வடக்கே கருக்கிக்கொண்டு வருகிறது.
மூடிய கேட்டில் ஈர நெல்லோடு ஒரு டிராக்டர்,
டிரைவர் அண்ணாந்து கத்துகிறான்:
"யக்கா, மலையப்பன் தராசு எங்க கெடக்கு?"

சன்னல் வழியே கை காட்டுகிறேன்.
திரையில் ஐந்தாவது கட்டம்
கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.